சக்கை வெட்டிய அன்று போட்ட பாஸ்வேர்ட்

கல்யாண ஆல்பம் செய்வது என் தொழில். படம் எடுப்பவர் வேறு ஆள். அவர் எடுத்துக் கொண்டுவந்து கொட்டுவதை நான் வீட்டில் உட்கார்ந்து பொறுக்கி, திருத்தி, அடுக்கி, பாறசாலையில் உள்ள பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். இந்தப் பக்கத்துப் பாதிப் பெண்களின் மூக்கை நான் சின்னதாக்கியிருக்கிறேன். ஒருத்தியும் நன்றி சொன்னதில்லை. "சேச்சி, எனக்க கன்னத்துல இருந்த குழி எங்க?" என்று கேட்கத்தான் வருவார்கள்.

எல்லாப் படங்களையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருப்பேன். அதற்குப் பூட்டுப் போட வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தானாக வரவில்லை. என் கணவரின் சித்தி மகள் வரவழைத்தாள். பக்கத்து வளைவில்தான் அவளுடைய வீடு. ஒருநாள் சும்மா வந்து என் பின்னால் நின்றவள், நான் திருத்திக்கொண்டிருந்த ஒரு மணப்பெண்ணின் படத்தைத் தன் போனில் எடுத்துக்கொண்டு போய் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். பெண் தலை நிறையக் கிளிப்போடு, பாதி முகத்தில் மட்டும் மேக்கப்போடு, புட்டுக்கு வாயைத் திறந்திருக்கும் படம். கீழே "எங்க மைனியின் கைவேலை" என்று எழுதியிருந்தாள். மைனி என்றால் அண்ணி, நான்தான். பெருமையாம். பெண்ணின் அம்மா எங்கள் முற்றத்தில் வந்து நின்று தமிழில் கொஞ்சமும் மலையாளத்தில் மிச்சமும் திட்டிவிட்டுப் போனாள். பதிலுக்குக் கத்த எனக்கு ஆசைதான். நியாயம் அவள் பக்கம் இருந்ததால் முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அதன் பிறகு டிஸ்க் முழுவதையும் பூட்டிவைக்கும் ஒரு மென்பொருளை இறக்கினேன். பாஸ்வேர்ட் இல்லாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. செய்தவனே வந்தாலும் முடியாது என்று எழுதியிருந்தான். அந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது.

இனி சக்கை விஷயம். எங்கள் ஊரில் சக்கை என்றால் பலாப்பழம். ஒரு நல்ல வருக்கைச் சக்கையை வெட்டுவது குடும்பம் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. தரையில் பேப்பர் விரித்து, கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவோம். எவ்வளவு எண்ணெய் தடவினாலும் அந்த அரக்கு, வெள்ளையாக வடியும் அந்தப் பிசின், கையை விடாது. சக்கை வெட்டும்போது யார் வந்தாலும் உட்கார வைத்துக் கொடுத்தே ஆகவேண்டும். மணம் ரோடு வரை போகும். வருகிறவர்களைத் தடுக்க வழியே இல்லை.

அன்று நானும் என் கணவரும் வெட்டிக்கொண்டிருந்தோம். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். சக்கை நாளில் ஓட்டமாட்டார். என் மாமியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் என் லேப்டாப்பை வைத்துக் கன்வென்ஷன் பிரசங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமிக்குச் சுகர். சக்கை தின்னக் கூடாது.

"தின்னக் கூடாத சாதனத்த நான் எதுக்குட்டீ வெட்டணும்?" என்று கையைக்கூட நனைக்கவில்லை.

லேப்டாப்பின் பக்கத்தில் டிஸ்க் சொருகியிருந்தது. பூட்டுகிற மென்பொருள் எல்லாம் முடித்து, பாஸ்வேர்ட் கொடு என்று ஓரத்தில் காத்துக்கொண்டிருந்தது. கை கழுவிவிட்டு வந்து கொடுக்கலாம் என்றிருந்தேன். அப்போது கீழே பாதையில் சத்தம் கேட்டது.

"மைனி, சக்க மணம் பஸ்ஸ்டாப்பு வரைக்கும் அடிக்கு, கேட்டியளா!"

சித்தி மகள்தான். கையில் போன்.

டிஸ்க் திறந்து கிடக்கிறது. உள்ளே நெய்யாற்றின்கரை பக்கத்து ஒரு மணப்பெண்ணின் மொத்தக் கல்யாணமும் திருத்தாமல் கிடக்கிறது. வலது கையில் கத்தி, இடது கை முழுக்க அரக்கு. சுத்தமாக இருந்தது இடது சுண்டுவிரலின் மடங்கிய மூட்டு மட்டும். தரையிலிருந்து எம்பி, அந்த மூட்டால் குத்திக் குத்தி ஒரு பாஸ்வேர்டைப் போட்டேன். எங்கள் ஆட்டின் பெயர், பின்னால் நாலு எண். இன்னொரு முறை போடு என்றது. போட்டேன். பிறகு என்னென்னவோ கேட்டது. எல்லாவற்றிற்கும் ஆம் என்று குத்தினேன். டிஸ்க் பூட்டிக்கொண்டது. சித்தி மகள் வந்து உட்கார்ந்தபோது திரையில் பிரசங்கியார் மட்டும்தான் இருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷமும் அரைமணி நேரம்தான். நான் கை கழுவப் போன நேரத்தில், கீபோர்டில் ஒட்டியிருந்த அரக்கை மாமி பார்த்திருக்கிறார். அரக்கு என்றால் எண்ணெய். கிண்ணத்தில் இருந்த தேங்காய் எண்ணெயைக் கீபோர்டில் விட்டு, தன் முண்டின் ஓரத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது லேப்டாப் தோசைக்கல் போல மின்னியது.

நான் கத்தினேன். மாமியும் கத்தினார்.

"அரக்க எடுக்க வேற எதக்கொண்டு தேய்க்கணும்? சோப்பு போட்டுக் குளிப்பாட்டணுமாக்கும்?"

சித்தி மகள் சக்கைச் சுளையைத் தின்றுகொண்டே இருபக்கமும் தலையாட்டினாள். அன்றிலிருந்து நானும் மாமியும் பேசுவதில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில், என் கணவர் வழியாகப் பேசினோம். "ஒங்க அம்மைட்ட சொல்லுங்க, மாத்திர போட நேரமாச்சுன்னு." "அவகிட்ட சொல்லுலே, போட்டாச்சுன்னு." மாமி இரண்டடி தள்ளித்தான் நிற்பார்.

வேறு கல்யாண வேலைகள் வந்ததால் சில வாரங்கள் அந்த டிஸ்கைத் தொடவில்லை. ஆடி மாதத்துக் கர்க்கடக மழை தொடங்கியபோது அந்த நெய்யாற்றின்கரைப் பெண் போன் செய்தாள். அவள் நர்ஸ். கட்டியவன் வெளிநாட்டில். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் அவன் போய்விட்டான். இவள் போய்ச் சேர விசா வேண்டும். உண்மையிலேயே கல்யாணம் நடந்தது என்று காட்டப் படங்கள் வேண்டுமாம்.

"திங்களாழ்ச்ச ஏஜென்சில கொடுக்கணும் சேச்சி. இல்லெங்கில் பின்னெ அடுத்த கொல்லமாக்கும். எனிக்கு இவிடெ அம்மாயியம்மகூட ஒற்றைக்கு இருக்கான் வய்யா."

திங்கட்கிழமை தவறினால் மாமியாரோடு தனியாக ஒரு வருடம். அவள் அழுதது எனக்குப் புரிந்தது. "இன்னைக்கே அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு டிஸ்கைச் சொருகினேன்.

பாஸ்வேர்ட் தவறு என்றது.

மறுபடி போட்டேன். தவறு. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்துக்கொண்டு போட்டேன். தவறு. எங்கள் ஆட்டின் பெயர் எனக்கு மறக்குமா? அது அப்போது ஜன்னலுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். "மறந்துபோச்சான்னு ஒரு எடம் இருக்கும்லா, அத அமுக்கு."

"அது பேங்குக்கு. இது எனக்க பூட்டு. எனக்கு நான்தான் தொறந்து குடுக்கணும்."

"பின்ன தொற."

இவரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டியதற்கு எனக்குத்தான் விசா கொடுக்க வேண்டும்.

பாஸ்வேர்ட் போனால் உதவ ஒரு மீட்புக் கோப்பு உண்டு என்று மென்பொருளில் எழுதியிருந்தது. அதை எங்கே சேமித்தேன் என்று தேடினேன். அன்று கேட்டதற்கெல்லாம் ஆம் என்று குத்தினேன் அல்லவா, அது அந்த டிஸ்குக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டியிருக்கிறேன். இதைக் கண்டுபிடித்தபோது நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எங்கள் சபையிலும் இதைப் படிப்பார்கள்.

படம் எடுத்தவரைக் கூப்பிட்டேன். அவருடைய கார்டுகளில் அதற்குப் பிறகு பல கல்யாணங்கள் ஏறி இறங்கிவிட்டன. பெண்ணின் சொந்தக்காரர்கள் போனில் எடுத்தவற்றை அனுப்பச் சொன்னேன். வந்தன. எல்லாவற்றிலும் எடுத்தவர்களின் முகம்தான். ஒன்றில் மட்டும் ஒரு அத்தையின் காதுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் நெற்றி தெரிந்தது. அதை வைத்துக் கல்யாணத்தை நிரூபிக்க முடியாது.

பாறசாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரிடம் கொண்டுபோனேன். டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேச்சி, இது தொறக்காம இருக்கத்தான் உண்டாக்கியிருக்கு. பார்மட் அடிச்சுத் தரட்டா? புதுசு போல ஆயிரும்."

"எனக்க வீட்டுக்குத் தீ வச்சாலும் புதுசு கெட்டலாம்" என்று சொல்லிவிட்டு டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். விரல்தான் வேறு எதையோ போட்டிருக்கிறது. இரண்டு முறையும் ஒரே மாதிரி வேறு எதையோ போட்டிருக்கிறது. அன்று நான் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்து போட்டால் அதே தப்பு மறுபடி வரும். நல்ல யோசனை. இப்போதும் சொல்கிறேன், நல்ல யோசனைதான்.

வீட்டுக்கு வந்து நாற்காலியை அதே இடத்தில் போட்டேன். தரையில் உட்கார்ந்து எம்பினேன். சுண்டுவிரல் மூட்டால் குத்தினேன். திறக்கவில்லை. பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்கினேன், கேப்ஸ் லாக்கைப் போட்டேன், எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கையில் அரக்கு இல்லை, அதுதான் குறை என்று முடிவு செய்தேன். அரக்கு ஒட்டி ஒரு எழுத்து இரண்டாக விழுந்திருக்கும்.

"சக்க வேணும்" என்றேன்.

என் கணவர் வெளியே மழையைப் பார்த்தார். "கர்க்கடகத்துலயா?"

"திங்களாழ்ச்சைக்குள்ள வேணும்."

கர்க்கடகத்தில் சக்கை இருக்காது. இருந்தாலும் மழைத் தண்ணீர் இறங்கி மாடுகூட முகர்ந்து பார்க்காது. அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வெள்ளறடைப் பக்கம் போனார். மலையடிவாரத்தில் ரப்பர் தோட்ட ஓரங்களில் ஒன்றிரண்டு பிந்திக் காய்த்தது நிற்கும் என்று யாரோ சொன்னார்களாம். வீடு வீடாக இறங்கிக் கேட்டிருக்கிறார். இந்த மழையில் இந்த மனிதன் எதற்குச் சக்கை தேடி அலைகிறான் என்று அங்குள்ள பெண்களுக்குச் சந்தேகம்.

"வீட்டுல விசேஷமாக்குமா?" என்று ஒருத்தி கேட்டாளாம்.

பாஸ்வேர்ட், டிஸ்க், விசா என்று மழையில் நின்று விளக்க அவருக்குச் சோம்பல். "ஆமா" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. என் மகன் முகச்சவரம் செய்கிறான். அவர் வீடு திரும்பும் முன் என் அம்மாவின் போன் வந்தது.

"மக்களே, கேள்விப்பட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனா இந்த வயசுல என்னத்துக்காக்கும்?"

அம்மாவிடம் நான் கத்தியது முடிவதற்குள் ஆட்டோ வந்து நின்றது. மழையில் வெடித்து, ஒரு பக்கம் கறுத்துப்போன சக்கையை அவர் கர்ப்பிணியைத் தூக்குவது போலப் பார்த்து இறக்கினார். வெட்டிப் பார்த்தேன். கூழன். சுளை கையில் பிடிக்க நிற்காமல் வழுக்கி ஓடும் ஜாதி.

"அன்னைக்கு வெட்டுனது வருக்கை!"

"எட்டீ, நீ தின்னவா போற? அரக்கு இருக்குல்லா?"

அரக்கு இருந்தது. இடது கையில் நன்றாகப் பூசினேன். எண்ணெய் தடவினேன். வலது கையில் கத்தி பிடித்தேன். பேப்பர் விரித்து உட்கார்ந்து எம்பினேன். தவறு. தவறு. தவறு. நாற்றம் வேறு. ஈக்கள் வந்துவிட்டன. அந்தப் பெண் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எடுத்துப் பேசக் கையில்லை.

என் கணவர்தான் மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு அம்ம அந்தக் கசேரில இருந்தா."

"அதுக்கு?"

"எல்லாம் அதே மாதிரி வேணும்னு நீதான பறஞ்ச? அம்மையும் இருந்தாத்தான அதே மாதிரி?"

அடுக்களையிலிருந்து மாமியின் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"அவகிட்ட சொல்லுலே, அவ வாயால விளிச்சா வாறேன்."

நான் கத்தியைப் பார்த்தேன். சக்கையைப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் அவளுடைய மாமியாரும் ஒரு வருடம் அடுக்களையில் எதிரெதிரே நிற்பதை நினைத்தேன்.

"மாமி, வந்து இருங்க" என்றேன்.

"என்னது?"

"வந்து இருங்கன்னு சொன்னேன்!"

"கத்தாண்டாம். எனக்குச் சுகர்தான், செவிடு இல்ல."

மாமி வந்து முண்டைச் சரிசெய்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிரசங்கமும் வேண்டும் என்றார். அன்று அது ஓடியதாம். போட்டுக் கொடுத்தோம். நான் தரையிலிருந்து எம்பினேன். மூட்டை நீட்டினேன். அப்போது மாமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் ஆள்காட்டி விரலைக் கொண்டுவந்து கீபோர்டின் ஓரத்தில் இருந்த ஷிப்ட் பட்டனில் வைத்து அழுத்தினார்.

"என்ன செய்யுறிய?"

"நீதானட்டீ அன்னைக்குச் சொன்ன? 'மாமி, இத அமுக்கிப் பிடியுங்க'ன்னு. ஒரு கையில கத்தி வச்சிட்டு எனக்க மூஞ்சிக்கு நேர கத்துன. பயந்துபோய்ப் பிடிச்சேன்."

அப்போதுதான் நினைவு வந்தது. பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்தாவது வேண்டும் என்று மென்பொருள் சொல்லியிருந்தது. ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைக் குத்த ஒரு மூட்டால் முடியாது. அதனால் முதல் எழுத்துக்கு மட்டும் மாமியைப் பிடிக்கச் சொன்னேன். முதல் எழுத்துக்கு மட்டும்.

"எப்ப விரல எடுத்திய?"

"நீ விடச் சொல்லேல்லியே."

"கடைசி வரைக்கும் பிடிச்சிருந்தியளா? ரெண்டாவது தடவையும்?"

"சக்க தின்ன ஆளு வந்த பெறகு நீ அங்கோட்டுத் திரும்பிட்ட. நானும் எடுத்தேன். விரலு கடுத்துப்போச்சு."

ஆட்டின் பெயர் முழுவதும் பெரிய எழுத்து. அது போகட்டும். நாலு எண்களுக்கும் மேலே இருக்கும் நாலு குறிகள், டாலரும் நட்சத்திரமும் இன்னும் என்னென்னவோ, அவைதான் விழுந்திருக்கின்றன. கேப்ஸ் லாக் எழுத்தைத்தான் மாற்றும், எண்ணை மாற்றாது. நான் சாகும்வரை குத்தியிருந்தாலும் கிடைத்திருக்காது.

"பிடியுங்க மாமி" என்றேன்.

"விடணும்னா சொல்லணும்."

மாமி பிடித்தார். நான் குத்தினேன். டிஸ்க் திறந்தது. மொத்தக் கல்யாணமும் வந்து கொட்டியது. முதல் படத்தைத் திறந்தேன். மணப்பெண் தும்மலுக்கு முந்திய நொடியில், கண் பாதி மூடி, மூக்கு விரிந்து, திரை முழுவதும் நின்றாள்.

"மைனி! கர்க்கடகத்துல சக்கையா? விசேஷம்னு கேட்டது சத்தியந்தானா?"

சித்தி மகள் வாசலில் நின்றாள். கையில் போன்.

நான் எழுந்திருக்க முயன்று கூழனில் வழுக்கினேன். என் கணவர் குறுக்கே பாய்வார் என்று பார்த்தால் அவர் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். மாமிதான் கையை ஓங்கி லேப்டாப்பை டப்பென்று மூடினார்.

"ஒண்ணும் இல்லட்டீ. பிரசங்கம் முடிஞ்சுபோச்சு."

லேப்டாப் உறங்கினால் டிஸ்க் மறுபடி பூட்டிக்கொள்ளும். மாமிக்கு அது தெரியாது. நான் கூழனில் கிடந்தபடி மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்து, தன் ஆள்காட்டி விரலை மட்டும் லேசாக ஆட்டிக் காட்டினார். இனி என்ன பயம் என்பது போல. சித்தி மகள் கூழனைப் பார்த்தாள், மூக்கைப் பொத்தினாள், சக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். என் வாழ்க்கையில் அவள் ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அன்றுதான்.

கை கழுவினேன். மறுபடி திறந்தோம். என் இரண்டு கையும் இப்போது சுத்தம், ஷிப்டை நானே பிடிக்கலாம். மாமி விடவில்லை. தானே பிடித்தார். நல்ல படங்களாகப் பார்த்துத் திருத்தி, வெளிச்சம் கூட்டி, மாலை மாற்றியது, மோதிரம் போட்டது, இரண்டு வீட்டுக்காரர்களோடும் நின்றது என்று எல்லாவற்றையும் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். எந்தப் படம் நல்லது என்று மாமி பக்கத்தில் இருந்து சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். பெண்ணிடமிருந்து பதில் வந்தது.

"தேங்க்ஸ் சேச்சி. மாலை மாற்றுந்நதில் என்றெ மூக்கு கொறச்சு வலுதாணோ?"

மூக்கு கொஞ்சம் பெரிதாம். குறைத்து அனுப்பினேன்.

டிஸ்கின் பாஸ்வேர்டை மாற்ற நினைத்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், மாமி சபைப் பெண்களின் நடுவில் நின்று விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். "எனக்க விரலு இல்லாம இவளுக்க கம்ப்யூட்டர் தொறக்காது, கேட்டியா." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்கள். ஒருத்தி எனக்கு உட்காரப் பெஞ்சில் இடம் ஒதுக்கினாள்.

அந்தப் பெண்ணுக்கு விசா வந்தது. போவதற்கு முன் நேரில் வந்தாள். மாமியின் கதை அவளுக்கும் எட்டியிருந்தது. நேராக மாமியிடம் போய்க் கையைப் பிடித்து, நல்ல விலையுள்ள கிரீம் ஒன்றைக் கொடுத்தாள். விரலுக்காம். மாமி அப்போதே கொஞ்சம் எடுத்து அந்த ஒரு விரலில் மட்டும் தடவிக்கொண்டார்.

பிறகு என்னிடம் திரும்பி ஒரு மருந்து டப்பாவை நீட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நர்ஸ் அல்லவா.

"வெள்ளறடைல எல்லாரும் பறஞ்ஞு சேச்சி. ஈ வயசில் நல்லோணம் சூக்ஷிக்கணும். இரும்புச் சத்தாக்கும். தெவசம் ஒண்ணு."

அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். மாத்திரையை என் கணவருக்குக் கொடுத்தேன். தினமும் ஒன்று, என் கண்முன்னால் விழுங்கினார்.